அயல்நாட்டிற் கம்பெனி மனையும் நம் குடிவாழ்க்கையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேசவேண்டிய பொருளைச் சங்கக் காரியதரிசி அவர்களே குறித்துக் கொடுத்தார்கள். நம் குடும்பங்களிலிருந்து ஆண்டுதோறும் பல இளைஞர்கள் துபாய், தோகா, சிங்கப்பூர் முதலிய ஊர்களுக்கு உத்தியோகத்தின்பொருட்டுச் செல்கின்றனர். மணமான சில திங்களில் மனைவியரும் உடன் செல்கின்றனர். சம்பளம் எவ்வளவு, ஆண்டுக்கு விடுமுறை எத்தனை நாள் என்பவற்றையெல்லாம் துருவித் துருவி வினவும் நாம், ‘வீடு கம்பெனியே கொடுக்கிறது’ என்ற சொல் காதில் விழுந்ததும் மனநிறைவடைந்து விடுகின்றோம். அதற்குமேல் வினவுவோர் அரியர். அங்கு விட்ட குறையையே இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. தமிழாசிரியனை மேடையேற்றினால் இதனைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ‘விடு’ என்னும் வினைப்பகுதியின் முதலெழுத்து நீண்டு ‘வீடு’ என்றாயிற்று; ‘கெடு’ என்பது ‘கேடு’ எனவும், ‘பெறு’ என்பது ‘பேறு’ எனவும் ஆயினாற்போல. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இதனை இலக்கண நூலார் கூறுவர். ஆகவே வீடென்னும் சொல்லுக்குள்ளேயே விடுதல் என்னும் பொருள் அடங்கிக் கிடக்கின்றது. ‘மனை’ என்பதனோடு மனைவி பிறந்தாள். ‘இல்’ என்பதனோடு இல்லாள் பிறந்தாள். ‘குடி’ என்பதோ குடும்பத்தையும் குலத்தையும் ஊரையும் ஒருங்கே குறிப்பது. வாடகையைக்கூட நம் முன்னோர் குடிக்கூலி என்றே வழங்கினர். பிறருடைய கட்டடமாயினும் அதிற் புகுந்தவன் குடியாகவே புகுந்தான் என்பது அச்சொல்லால் விளங்கும்.

தமிழர் அயல்நாடு சென்று முதலாளி கொடுத்த மனையிற் குடியிருந்த வரலாறு புதியதன்று. இலங்கை மலைநாட்டை நினையுங்கள். 1820-களிற் காப்பித் தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டு மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து தமிழ்மக்கள் அங்கே சென்றனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளை நோக்கி நடந்தனர். நடுவழியில் மாண்டவர் மிகப் பலர். 1869-ஆம் ஆண்டிற் காப்பிச் செடியை இலைநோய் பற்றிற்று. பின்னர் அந்நிலங்களில் தேயிலை பரவிற்று. காப்பிக்குப் பருவகாலத்தில் ஆள் இருந்தாற் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். ஆகவே வந்து வந்து போனவர்கள் பெண்டு பிள்ளைகளோடு நிலையாகத் தங்கலாயினர்.

அவர்கட்குத் தோட்டத்தார் கொடுத்த இருப்பிடம் யாது? நீண்ட கட்டடம் ஒன்றை வரிசை வரிசையாகத் தடுத்துச் செய்த அறைகள். ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் தமிழர் நாவில் லயன் என்றும் லயம் என்றும் வழங்கிற்று. குதிரை கட்டும் லாயத்தோடு இச்சொல் ஒலியால் ஒத்திருத்தலை அம்மக்களே கசப்போடு எடுத்துக்காட்டுவதுண்டு. அறைக்குக் காம்பரா என்று பெயர். இது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். முன்புறத் தாழ்வாரத்துக்கு இஸ்தோப்பு என்று பெயர்; இஃது ஒல்லாந்தர் சொல். அத்தீவை ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தாரும் விட்டுச்சென்ற சொற்களால் ஆகிய அவ்விருப்பிடத்தில் நம் குடிகள் புகுந்தன. காம்பராவின் அளவு பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. நாம் நின்று பேசும் இம்மேடை அதனினும் சற்றுப் பெரிது. அதற்குள்ளே கணவன், மனைவி, மக்கள், முதிய தாய் தந்தையர், மேலே தகரக் கூரை, புறத்தே மலைக்குளிர்.

அக்காம்பராவை அவர்கள் மனையாக்கிய வகையைத் தாய்மார்கள் ஊன்றிக் கேட்கவேண்டும். தரையைச் சாணமிட்டு மெழுகினர். இஸ்தோப்பின் ஒரு பக்கத்தை மறைத்து அடுப்பு வைத்தனர். மழைநாளில் குடும்பம் முழுதும் கூடும் கூடமும் அதுவே ஆயிற்று. லயத்தின் பின்புறத்துக் கைப்பிடி நிலத்தில் கீரையும் அவரையும் விதைத்தனர். வசதி கூடியவர்கள் ஆடும் மாடும் வளர்த்தனர். தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் எழுந்தது. மாசித் திங்களில் காமன் கூத்து ஆடினர், இன்றும் ஆடுகின்றனர். இடங்களுக்குத் தம் நாவுக்கு இசைந்த பெயர்களை இட்டனர்; அட்டன் நகரில் மல்லிகைப்பூச் சந்தி என்று ஓரிடம் இன்றும் உண்டு. தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் அக்காம்பராக்களிலேயே வழங்கின. தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் (1914–1984) அப்பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார்கள். சாணமும் விதையும் பாட்டும் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டவை அல்ல.

இதுவரை கேட்டோர், ‘இடம் எத்தகையதாயினும் மனம் இருந்தால் மனையாகும்’ என்று எண்ணி மகிழலாம். வரலாறு அவ்வளவில் நின்றுவிடவில்லை. அம்மனைகள் வேலையோடு பிணைக்கப்பட்டவை. வேலை போயிற்றென்றால் காம்பராவும் போயிற்று. 1946-ஆம் ஆண்டிற் கேகாலைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மியர் என்னும் தோட்டத்தை அரசாங்கம் பக்கத்துக் கிராமத்தாருக்குப் பகிர்ந்தளிக்க எடுத்துக்கொண்டது. அங்கே குடியிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறுமாறு கட்டளையிட்டது. அவர்கள் மறுத்தனர். அத்துமீறி இருக்கின்றனர் என்று வழக்குத் தொடரப்பட்டது. மலைநாட்டில் வேலைநிறுத்தமும் எழுந்தது. அத்தோட்டத் தொழிலாளர் ஒருவரின் வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரையிற் சென்றது. நெடுங்காலம் வாழ்ந்த இருப்பிடத்தைக் காத்துக்கொள்ளும் நோக்கத்தோடு ஒருவன் தங்கியிருப்பின், பிறரைத் தொல்லைப்படுத்தும் குற்ற நோக்கம் அவனுக்கு உண்டென்று கொள்ளலாகாது என்னும் கருத்துப்பட 1950-இல் அங்கே தீர்ப்பாயிற்று. குற்றவாளி அல்லன் என்றாயிற்றேயன்றி வீடு அவனுடையது என்று ஆகிவிடவில்லை.

இதற்கிடையே 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964-இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த உடன்படிக்கையின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கென்று 1968 முதல் நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. அங்கே அவர்கள் புகுந்ததும் தோட்டத்துக் குடியிருப்பிலேதான்! இலங்கையில் அண்மை ஆண்டுகளில் தனிவீடு கட்டிக் கொடுக்கும் ஏற்பாடு நடைபெறுகின்றது. நம் இந்திய அரசாங்கமும் முதலில் 4,000 வீடுகளுக்கும், 2017-இல் மேலும் 10,000 வீடுகளுக்கும் உதவி அறிவித்தது. ஆயினும் லயத்தில் வாழ்வோர் இன்னும் பலர்.

ஆகவே நாம் கற்கவேண்டியவை இரண்டு. மனையை மனையாக்கும் கைத்திறத்தை அத்தோட்டத்துத் தாய்மாரிடம் கற்கவேண்டும். அவர்களுக்கு மறுக்கப்பட்ட எழுத்துறுதியை நாம் கேட்டு வாங்கக் கற்கவேண்டும். இன்று விமானம் ஏறும் நம் பிள்ளைகளின் நிலை அவர்கள் நிலையோடு ஒப்பிடத்தக்கதன்று. படிப்பும் கடவுச்சீட்டும் கையிலுள்ளன. இருந்தும் இரண்டிலும் நம்மவர் பின்தங்கியே நிற்கின்றனர்.

நம்மவர் வழக்கம் யாதெனில், பெட்டியைப் பிரிக்காமல் வாழ்தல். ‘இரண்டு ஆண்டுதானே, பிறன் சுவரில் நாம் ஏன் ஆணி அடிக்கவேண்டும்?’ என்பர். இரண்டு ஆண்டு பன்னிரண்டாகும். கம்பெனியார் வைத்த சோபா வைத்த இடத்திலேயே இருக்கும். வெண்சுவர் வெண்சுவராகவே இருக்கும். கட்டிலின்கீழ்ப் பெட்டிகள் ஊர்ப்பயணத்தை எதிர்நோக்கிக் கிடக்கும். புகைவண்டி நிலையத்தில் தங்குமறை ஒன்றுண்டே, அத்தகைய இடத்தில் ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கும் போய்விடுகின்றது. காலை ஏழு மணிக்குக் கணவர் சென்றபின் அங்கே தனித்திருப்பவள் நம் பெண். அவள் நாள் முழுதும் கைப்பேசியில் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஊரிலும் இல்லை, அங்கும் இல்லை. இவ்வவையிலுள்ள மாமியார்கள் பொறுத்தருள வேண்டும்: ஒரு நாளைக்கு மும்முறை அழைத்து என்ன சமைத்தாய் என்று வினவுவது அன்புதான், ஒருமுறை வினவினாலும் அன்பு குறையாது.

ஆணி அடிக்கலாகாது என்பது உண்மை. பல இடங்களில் வைப்புத்தொகையிற் பிடித்துக்கொள்வர். ஒட்டுக் கொக்கிகள் இருக்கின்றன. திரைச்சீலைக் கம்பியில் ஒரு சுங்குடிச் சேலையைத் தொங்கவிட்டாலே அறையின் முகம் மாறும். சோபாவை ஓரத்தில் தள்ளிவிட்டு நடுவிற் பாய் விரியுங்கள். கோலத்தை வாயிலுக்கு வெளியே பொதுநடையில் இடுதற்கு இசைவு இராது. ஒரு பலகையில் இட்டு நிலைப்படிக்கு உள்ளே வைக்கலாம். சாம்பிராணி போடுமுன் மேற்கூரையிற் புகையறியும் கருவி உண்டாவென்று பாருங்கள். தீயணைப்பாரை வரவழைத்த வெள்ளிக்கிழமைப் பூசைகள் சில நம் செவிக்கு எட்டியுள்ளன.

சமையலறையே முதலிற் செம்மைப்படவேண்டும். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு. துபாய், தோகா, சிங்கப்பூர் ஆகிய ஊர்களிலும் ஏறக்குறைய அதுவே. கோயம்புத்தூர் மாவரைக்கும் இயந்திரம் அங்கே ஓடும். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. அங்கெல்லாம் அது வெறும் கல்லே. வளைகுடாக் கோடையில் இட்டிலி மாவு சில மணியிற் புளித்துவிடும், குளிர்நாட்டிற் பொங்காது. அங்கே சூடேற்றாத அடுப்புப் பெட்டிக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை வைக்கலாம். ஒன்றை மறவாதீர்கள்: குருமாவுக்கு என்று கசகசாவைக் கட்டிக் கொடுக்கவேண்டா. துபாயிலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். ஒரு பொட்டலத்துக்காகச் சிறைக்குச் செல்ல நேரலாம்.

இனி எழுத்துறுதி. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1961-இல் தொழிலாளர் வீட்டுவசதி குறித்து ஒரு பரிந்துரை வெளியிட்டது. முதலாளியே நேரில் வீடு கொடுப்பது பொதுவாக விரும்பத்தக்கதன்று என்பதும், ஊர்ப்புறத்திலிருந்து நெடுந்தொலைவிலுள்ள தொழிலிடம் போன்றவற்றிற்கு விலக்கு உண்டு என்பதும், வேலை நீங்கியபின் வேறு வீடு தேடுதற்குத் தக்க அவகாசம் தரவேண்டும் என்பதும் அதன் கருத்துக்கள். பரிந்துரை சட்டம் ஆகாது. ஆகையாற் கையெழுத்திடுமுன் நம் பிள்ளைகளே கேட்டறிய வேண்டும். வீட்டு ஒப்பந்தம் எவர் பெயரில் உள்ளது? குடும்பத்தை அழைத்துக்கொள்ள இசைவு உண்டா? மின்கட்டணமும் நீர்க்கட்டணமும் எவர் தலையில்? வேலை நீங்கினால் எத்தனை நாளிற் காலிசெய்ய வேண்டும்? வீட்டுக்குப் பதில் பணமாகப் பெற்றுக்கொள்ள வழியுண்டா? இக்கடைசி வினாவைக் கேட்க நம்மவர் நாணுகின்றனர். நாணத்துக்கு இதில் இடமில்லை. புகும் நாளிலேயே சுவர்க்கீறலையும் உடைந்த கைப்பிடியையும் படம்பிடித்து, தேதியோடு கம்பெனியாருக்கு அனுப்பிவிடுதல் வேண்டும். நாம் வாங்கிய பொருள் எது, அவர்கள் பொருள் எது என்று இரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுதலும் வேண்டும். பட்டியல் கையிலிருந்தால் மனம் அஞ்சாது அம்மனையிற் பரவி வாழும். காலிசெய்யும் நாளிற் கறிவேப்பிலைத் தொட்டியை அடுத்த வீட்டாருக்குக் கொடுத்துவிட்டுப் புறப்படலாம்.

வரும் திங்களிற் புறப்படவிருக்கும் மூன்று குடும்பத்தார் இவ்வவையில் இருக்கின்றனர் என்று அறிகின்றோம். அவர்கள் ஒப்பந்தத் தாளின் படியொன்றைக் கொண்டு வரும் ஞாயிறன்று காலை பத்து மணிக்குச் சங்க நூல்நிலையத்துக்கு வருவார்களாக. நம் அங்கத்தினரான வக்கீல் ஒருவர், வீடு பற்றிய பகுதியை மட்டும் வரிவரியாகத் தமிழிற் சொல்ல இசைந்துள்ளார். மனைவியரும் உடன்வந்து கேட்டல் நலம்.