ஆராய்ச்சியும் உழைப்பே! கட்டணத்தை நிறுத்து, கூலியைக் கொடு!

(போத்தனூரில் தொழிலாளரும் மாணவரும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



ஆராய்ச்சிப் படிப்புக்கான கட்டணத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன் என்றதும், குறிச்சி சிட்கோவில் பவுண்டரி வேலை பார்க்கும் தோழர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க தோழர், கூலி உயர்வு, போனஸு, வாடகைன்னு நமக்கு ஆயிரம் பிரச்னை கிடக்குது. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவங்க கதை நமக்கு எதுக்குங்க? நீங்களே பத்தாவதோட நின்னவரு!" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நான் பத்தாவதோடு நின்றவன். ஆய்வுக்கூடம் ஒன்றின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. ஆனால் எது உழைப்பு, அந்த உழைப்பின் பலன் யார் கைக்குப் போகிறது என்று பார்க்கச் சங்கமும் கட்சியும் எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கின்றன. அந்தக் கண்ணைக்கொண்டு பார்த்தால் இது நம்முடைய பிரச்னைதான் என்பது விளங்கும்.

ஒரு மோல்டரின் மகள்

நம் பக்கத்தில் ஒரு மோல்டர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அந்தப் பெண்ணுக்குத் தொந்தரவு வரக்கூடாது. அவருடைய மகள் ரசாயனத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, முழுநேர ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். சாயப்பட்டறைத் தண்ணீரிலிருந்து சாயத்தைப் பிரித்தெடுப்பது எப்படி என்பது அவளுடைய ஆராய்ச்சி. தோழர்களே, நொய்யல் கரையில் பிறந்த நமக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. 1992ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் சாயத் தண்ணீர் தேங்கியதையும், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதையும் நாம் பார்த்தவர்கள். அன்று ஒரு பக்கம் விவசாயி அழுதான், மறுபக்கம் சாயத் தொழிலாளி அழுதான். இரண்டு பேருடைய கண்ணீரையும் துடைக்கக்கூடிய ஆராய்ச்சி இது.

இந்த ஆராய்ச்சிக்கு அவளுக்குக் கிடைத்தது என்ன? பதிவுக் கட்டணம் கட்டு என்றார்கள். வருஷா வருஷம் கல்விக் கட்டணம் கட்டு என்றார்கள். பரீட்சைக்குத் தனி, ஆய்வுச் சுருக்கம் கொடுக்கத் தனி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கத் தனி. வாய்மொழித் தேர்வு நாளன்று வருகிறவர்களுக்கு வாடகைக் கார், சாப்பாடு, பொன்னாடை! இந்தக் கடைசிச் செலவு எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. ஆனாலும் செய்யாமல் இருக்க யாருக்கும் துணிச்சல் வருவதில்லை. ஆய்வேடு பரீட்சகர் மேஜையில் மாதக்கணக்கில் தூங்கியது. அந்தக் காலத்துக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்டார்கள். தாயாரின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று.

அந்த மோல்டர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அம்மிணி படிக்குதா, வேலை செய்யுதான்னே எனக்குப் புரியலைங்க. காலையில எட்டு மணிக்குப் போனா ராத்திரிதான் வருது. வேலைன்னா சம்பளம் வரோணுமில்லீங்க? இங்க நாமதான் கட்டறோம்!"

தோழர்களே, பிரச்னையின் ஆணிவேரை அந்த மனிதர் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்.

பயிற்சித் தொழிலாளிக்குப் பணம், ஆராய்ச்சியாளருக்குப் பில்!

இதோ நம் போத்தனூரிலேயே ரயில்வே சிக்னல், தொலைத்தொடர்புப் பட்டறை இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்த பையன் அங்கே அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் பட்டறை அவனிடம் கட்டணம் வசூலிக்கிறதா? இல்லை. 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம், பயிற்சிக் காலத்திலும் அவனுக்கு மாதத் தொகை கொடுத்தாக வேண்டும் என்கிறது. அந்தத் தொகை போதாது. அதை உயர்த்த நாம் போராடுகிறோம். ஆனால் தத்துவம் என்ன? கற்றுக்கொண்டே உழைப்பவனும் உழைப்பாளிதான். அவனுக்கு வயிறு உண்டு என்பதே.

பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவனுக்குப் பொருந்தும் இந்தத் தத்துவம், அதற்கு மேல் ஐந்து வருஷம், ஏழு வருஷம் படித்து வந்தவளுக்கு ஏன் பொருந்தாது?

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று பாருங்கள். கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடத்தில் சொல்லித் தருகிறாள். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்கிறாள். கட்டுரை எழுதுகிறாள், அதில் பேராசிரியர் பெயரும் ஸ்தாபனத்தின் பெயரும் சேர்ந்தே அச்சாகின்றன. மத்திய சர்க்கார் வருஷந்தோறும் வெளியிடும் தேசியத் தரவரிசையில், பல்கலைக் கழகங்களுக்கு நூற்றுக்கு 30 மதிப்பெண் ஆராய்ச்சிக்கே போகிறது. எத்தனை பேர் டாக்டர் பட்டம் பெற்றார்கள் என்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு. அந்த இடத்தைக் காட்டி விளம்பரம் செய்து, ஸ்தாபனம் அடுத்த வருஷம் கூடுதல் மாணவரைச் சேர்க்கிறது. ஆக, மதிப்பெண்ணை உற்பத்தி செய்பவள் அவள். அதற்காக ஸ்தாபனத்துக்குக் கட்டணம் கட்டுபவளும் அவளே! மோல்டு போட்டவனே முதலாளிக்கு வாடகை கட்ட வேண்டும் என்றால் நம் பவுண்டரியில் ஒரு நாள் விடுவோமா?

சிலருக்கு உண்டு, பலருக்கு இல்லை

"உபகாரச் சம்பளம் கொடுக்கிறார்களே!" என்று சிலர் சொல்லுவார்கள். உண்மைதான். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சியாளராகத் தேர்ந்தவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்தக் குறுகிய வாசலில் நுழைகிறவர்கள் எத்தனை பேர்? வெளியே நிற்கும் பெருங்கூட்டத்துக்கு என்ன வழி?

மத்தியப் பல்கலைக் கழகங்களில், அந்தத் தேர்வில் தேறாத ஆராய்ச்சி மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய் கொடுத்து வந்தார்கள். 2015 அக்டோபரில் அதையும் வெட்டப் பல்கலைக் கழக மானியக் குழு முடிவெடுத்தது. மாணவர்கள் டெல்லியில் அந்தக் குழுவின் அலுவலகத்து முன் இரவு பகலாக உட்கார்ந்தார்கள், தடியடி வாங்கினார்கள், அசையவில்லை. உதவித் தொகை தொடரும் என்று சர்க்கார் இறங்கி வர வேண்டியதாயிற்று. மாநிலப் பல்கலைக் கழகங்களுக்கும் அதை விரிவாக்க வேண்டும் என்பது அவர்களுடைய இன்னொரு கோரிக்கை. அது நிறைவேறவில்லை. நம்முடைய பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது மாநிலப் பல்கலைக் கழகங்களில்தானே!

2022 டிசம்பரில், சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உபகாரச் சம்பளத்தை நிறுத்திவிட்டோம் என்று பார்லிமெண்டிலேயே அறிவித்தார்கள். கிடைக்கும் உபகாரச் சம்பளமும் மாதாமாதம் கைக்கு வருகிறதா? ஹைதராபாத் மத்தியப் பல்கலைக் கழக ஆராய்ச்சி மாணவர் ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று மாண்டார். அவர் விட்டுச் சென்ற கடிதத்தில், தமக்கு வரவேண்டிய ஏழு மாத உபகாரச் சம்பளம் 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாயைக் குடும்பத்துக்குச் சேர்க்கும்படி கேட்டிருந்தார். சாதிக் கொடுமை அவரை ஒரு பக்கம் நெருக்கியது. வராத சம்பளம் மறுபக்கம் நெருக்கியது. இதை நாம் மறந்துவிடலாகாது.

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடி ஆராய்ச்சி மாணவருக்கு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத் தொகை உண்டு. நல்ல ஏற்பாடு. மனமிருந்தால் மாநில சர்க்காராலும் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்குத் தொழிற்கல்வியில் கிடைக்கும் கட்டணச் சலுகை, ஆராய்ச்சி வாசலில் வந்ததும் நின்றுவிடுகிறது.

பணம் இல்லையா?

"கஜானா காலி" என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். 2020-21ல் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். நூறு ரூபாயில் முக்கால் ரூபாய்கூட இல்லை! சீனா இரண்டு ரூபாய்க்கு மேல் போடுகிறது. தென்கொரியா நாலு ரூபாய்க்கு மேல். கல்விக்கு 6 சதவீதம் ஒதுக்குங்கள் என்று கோத்தாரி கமிஷன் 1966ல் சொன்னது. அது இன்றுவரை ஏட்டுச் சுரைக்காய்தான்.

2025 ஜூலையில் மத்திய மந்திரிசபை 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சித் திட்டமொன்றை அங்கீகரித்தது. யாருக்கு? தனியார் கம்பெனிகளின் ஆராய்ச்சிக்கு. எப்படி? குறைந்த வட்டியில், அல்லது வட்டியே இல்லாமல், நீண்டகாலக் கடனாக! கம்பெனிக்கு வட்டியில்லாப் பணம். மோல்டரின் மகளுக்கு அடகுக் கடை வட்டி. இந்த ஒரு வரியில் சர்க்காரின் வர்க்கக் குணம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இன்னும் கேளுங்கள். ஆராய்ச்சி மானியத்துக்கே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கேட்டுப் பல ஸ்தாபனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பிய பிறகே, 2024 செப்டம்பரில் விலக்கு அளித்தார்கள். அதே 2024ல், 1857ல் தோன்றிய சென்னைப் பல்கலைக் கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது. பல்கலைக் கழகத்தை நிதியின்றி வாட விடுகிறார்கள். வாடிய பல்கலைக் கழகம் மாணவன் சட்டைப் பைக்குள் கை விடுகிறது. கட்டணத்தை உயர்த்தும் கை பல்கலைக் கழகத்தின் கை. அதைத் தள்ளும் கை சர்க்காரின் கை.

கரும்பு சொல்லும் பாடம்

"டாக்டர் பட்டத்தால் ஏழைக்கு என்ன லாபம்? அந்தப் பணத்தை ஆரம்பப் பள்ளிக்குப் போடலாமே!" என்று நல்ல எண்ணத்தோடு கேட்பவர்களும் உண்டு. அவர்களை வெகுதூரம் அழைத்துப் போக வேண்டாம். நம் கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கே அழைத்துப் போகலாம்.

1912ல் அதை ஆரம்பித்தார்கள். பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும், இந்தப் பக்கத்திலே தானாக முளைத்துக் கிடந்த நாணல் போன்ற காட்டுக் கரும்பை நாட்டுக் கரும்போடு ஒட்டினார்கள். 1918ல் 'கோ 205' வெளிவந்தது. 'கோ' என்றால் கோயமுத்தூர். அந்த 'கோ' ரகங்கள் வடநாடு முழுவதும் பரவி, கடல் தாண்டியும் போயின. 1934ல் இங்கே வந்து சேர்ந்தவர் இ. கே. ஜானகி அம்மாள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் உபகாரச் சம்பளத்தோடு படித்து, 1931ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். பெண் படிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது!

2009ல் வெளியான 'கோ 0238' உத்தரப் பிரதேசக் கரும்பு வயல்களை நிறைத்தது. அங்கே ஆலைக்கு அனுப்பிய கரும்பு ஒவ்வொன்றிலும் பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் சாறு இருந்தது. பிறகு அதே ரகத்தைச் செவ்வழுகல் நோய் தாக்கியது. ஆக, நேற்று கண்டுபிடித்தது நாளைக்குப் போதாது. புதிய நோய்க்குப் புதிய ஆராய்ச்சியாளர் வேண்டும். அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? வசதியுள்ள வீடுகளிலிருந்து மட்டும் என்றால், சாயத் தண்ணீரின் நாற்றமும் பவுண்டரிப் புகையும் தெரிந்த பிள்ளைகள் ஆய்வுக்கூடத்துக்குள் வரவே மாட்டார்கள். நம்முடைய துன்பம் யாருடைய ஆராய்ச்சித் தலைப்பாகவும் ஆகாது. ஆரம்பப் பள்ளியும் வேண்டும், ஆராய்ச்சியும் வேண்டும். ஏழையிடம் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்வதே மோசடி.

உலகம் என்ன செய்கிறது?

ஸ்வீடனில் ஆராய்ச்சி மாணவரைப் பெரும்பாலும் பல்கலைக் கழகத்தின் ஊழியராகவே நியமித்துச் சம்பளம் கொடுக்கிறார்கள், கட்டணம் கிடையாது. சோவியத் நாட்டில்கூட 1940ல் உயர்கல்விக்குக் கட்டணம் போட்டார்கள். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1956ல் அதை ரத்து செய்தார்கள்.

அமெரிக்காவைப் பாருங்கள். 2022 நவம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் 48,000 ஆராய்ச்சி மாணவர்களும் பயிற்றுநர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் ஆறு வாரம் நின்று கணிசமான சம்பள உயர்வு வாங்கினார்கள். அவர்களுடைய சங்கம் எது தெரியுமா? மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கம்! கார் செய்கிறவனும் ஆராய்ச்சி செய்கிறவளும் ஒரே கொடியின் கீழ் நின்றார்கள். நம் மோல்டரின் கேள்விக்கு அதுவே பதில்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: மாநிலப் பல்கலைக் கழகங்களிலும் கல்லூரிகளிலும் முழுநேர ஆராய்ச்சி மாணவரிடம் கல்விக் கட்டணம் வாங்கக்கூடாது.

இரண்டு: வேறு உபகாரச் சம்பளம் இல்லாத ஒவ்வொரு முழுநேர ஆராய்ச்சி மாணவருக்கும் வாழ்வதற்குப் போதிய மாதத் தொகை வேண்டும். குறித்த தேதியில் அது வந்து சேர வேண்டும்.

மூன்று: ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு ஏற்படும் தாமதத்துக்கு மாணவரிடம் ஒரு காசும் வசூலிக்கக்கூடாது. பரீட்சகருக்குக் கால வரம்பு வேண்டும்.

நான்கு: வாய்மொழித் தேர்வுச் செலவு முழுவதும் ஸ்தாபனத்தைச் சேர்ந்தது. பொன்னாடை, விருந்து என்ற பெயரில் நடக்கும் மறைமுக வசூலைத் தடை செய்ய வேண்டும். புகார் கொடுக்கும் மாணவருக்குப் பாதுகாப்பு வேண்டும்.

ஐந்து: பல்கலைக் கழகங்களுக்கு சர்க்கார் மானியம் உயர வேண்டும். மேலே உள்ள நான்கும் நிலைக்க வேண்டுமானால் இது இல்லாமல் முடியாது.

மாணவ நண்பர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு நாம் வேறு ஜாதி ஆகிவிடுவோம் என்று எண்ணாதீர்கள். 2019ல் மானியக் குழு, கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்றது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் நெடுங்காலம் அதில் பாதிகூடக் கைக்கு வரவில்லை. அவர்களில் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் ஏராளம். ஒப்பந்தத் தொழிலாளியின் வாழ்க்கைதான் உங்களுக்கும் காத்திருக்கிறது. ஆகவே இன்றே சங்கமாகுங்கள். எங்கள் ஆலை வாசல் கூட்டத்துக்கு வாருங்கள். உங்கள் பல்கலைக் கழக வாசலுக்கு நாங்கள் வருகிறோம்.

கடைசியாக ஒன்று. அந்த மோல்டரின் மகள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள். கம்மல் இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது. அதை மீட்க நம்மில் நாலு பேர் சேர்ந்து பணம் போடலாம், போடத்தான் போகிறோம். ஆனால் அடுத்த வருஷம் இன்னொரு தாயின் கம்மல் அடகுக்குப் போகாமல் தடுக்க, நாலு பேர் போதாது தோழர்களே. நாம் எல்லோரும் வேண்டும்.

உழைப்புக்குக் கூலி! ஆராய்ச்சியும் உழைப்பே!