காலும் கருத்தும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் பந்தாட்டப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். உடலால் உழைப்பவனுக்கு அறிவு எதற்கு என்று கேட்டே நம்மைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தினார்கள். உடலும் அறிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைக் கால்பந்துத் திடலிலேயே காணலாம்.

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணி பிரான்சை எதிர்த்து ஆடியது. அன்று நம் காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்தது. எந்த அணிக்குக் கைதட்டுவது என்று கோட்டுச்சேரிப் பெரியவர்கள் திகைத்திருப்பார்கள்! இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். ஆனால் இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு இன்னொரு கோல் போட்டு வென்றது. களைப்பினால்தான் தோற்றோம் என்று நாம் சொல்லவில்லை. எனினும், கால்பந்தில் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் கோல்கள் மிகுதியாக விழுகின்றன என்பது உலகறிந்த செய்தி.

1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் எலிகளை வைத்து ஆராய்ந்தார்கள். கடினமான பாடத்தைக் கற்கத் தூண்டுதல் குறைந்தாலும் ஆகாது, மிஞ்சினாலும் ஆகாது என்று கண்டார்கள். உடற்பயிற்சியிலும் பெரும்பாலும் இதே போக்கைத்தான் பின்வந்தோர் கண்டனர். மிதமாக ஓடினால் கவனம் கூர்மையாகிறது. மூச்சிரைக்க ஓடும்போதோ இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அப்போதும் வந்த பந்தை உதைக்கக் கால் நீளும்; யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் அறிவுதான் தடுமாறும். நன்கு பழகிய ஆட்டக்காரன் இன்னும் சற்று நேரம் தாங்குவான்.

நடவு நாளில் காலைமுதல் சேற்றில் நின்ற இளைஞன், மாலையில் திடலுக்கு வரும்போதே பாதி ஆட்டம் ஆடி முடித்தவன். அவன் பந்தைத் தவறவிட்டால் 'மந்தபுத்தி' என்று யாரும் பட்டம் கட்ட வேண்டாம். அவன் இரவு வகுப்பில் கண்ணயர்ந்தாலும் அப்படியே. நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை ஆறாகப் பெருகும். தண்ணீர் குடியாமல் ஆடுவது வீரமன்று.

தேர்வு மாதத்தில் பந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் தந்தையரிடம் ஒரு வேண்டுகோள். பூட்டாதீர்கள். தோழனோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவில் அரை மணி நேரம் ஆடவிடுங்கள். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, அதன்பின் விளக்கடியில் உட்காரச் சொல்லுங்கள்.