பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பியவர்

(பூவிருந்தவல்லி வட்டாரக் கிராமம் ஒன்றில், கொடி நாளையொட்டி நடைபெற்ற கூட்டத்தில் முன்னாள் ஹவில்தார் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



டிசம்பர் 7-ஆம் நாளை 1949-ஆம் ஆண்டு முதல் கொடி நாளாகக் கொண்டாடி வருகிறோம். பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் ஏந்தி வருகிறார்கள். நாமும் இயன்றதைப் போட்டுச் சிறு கொடியைச் சட்டையில் குத்திக்கொள்கிறோம். அந்தப் பணம் போரில் கணவனை இழந்தவர்க்கும், உறுப்பிழந்தவர்க்கும், முன்னாள் வீரர் குடும்பங்களுக்கும் பயன்படுகிறது, அதில் ஐயமில்லை. ஆயினும் இன்று நான் பணத்தைப் பற்றிப் பேச வரவில்லை. உடலுரத்தோடும் கைத்தொழிலோடும் நாற்பது வயதில் ஊர் திரும்பும் ஒருவருக்கு நம் ஊரில் என்ன இடம் இருக்கிறது என்பதைப் பற்றியே சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

நம் வட்டாரத்துக்கும் பட்டாளத்துக்கும் உள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. வெள்ளையர் காலத்திலேயே பூவிருந்தவல்லி ஒரு ராணுவ நிலையமாக விளங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது ஆவடியில் பெரிய முகாமும் பண்டகசாலைகளும் எழுந்தன. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடிச் சமதர்ம பாணிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றியதும் அதே ஆவடியில்தான். பின்னர் 1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலையும் ராணுவ உடைத் தொழிற்சாலையும் அங்கு வந்தன; அம்பத்தூரில் தொழிற்பேட்டை அமைந்தது. ஆவடி என்னும் பெயரே ராணுவ வாகனங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்று சிலர் கதை சொல்வதுண்டு. தொழிற்சாலை வருவதற்கு வெகு காலம் முன்பே ஊர் இருந்தது, பெயரும் இருந்தது. கதையைக் கதையாகவே விட்டுவிடலாம்.

ஆகவே ஓய்வு பெற்ற வீரர்கள் இப்பக்கம் குடியேறுவது இயல்பே. வேலூருக்கு அருகில் கம்மவான்பேட்டை என்றொரு கிராமம் உண்டு. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்தவர் என்று சொல்லும்படியான ஊர். அத்தகைய ஊர்களிலிருந்து படைக்குப் போனவர்களில் பலர், பிள்ளைகளின் படிப்பு, ரயில் வசதி, கேன்டீன் ஆகியவற்றை எண்ணிப் பட்டாபிராம், திருநின்றவூர், கோவில்பதாகை என்று மனை வாங்கித் தங்கிவிடுகிறார்கள். நானும் அவ்வாறு வந்தவனே.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 1978-இல் பதினெட்டு வயதில் படையில் சேர்ந்தேன். மின் எந்திரப் பொறியாளர் படைப்பிரிவில் வாகன மெக்கானிக் வேலை, செகந்தராபாத்தில் பயிற்சி. அக்காலத்தில் படையின் முதன்மை டாங்கிகளுள் ஒன்று விஜயந்தா. அதன் முதல் வண்டி 1965-இல் நம் ஆவடியிலிருந்துதான் வெளிவந்தது. அதன் எஞ்சின் லேலண்டு வகையைச் சேர்ந்தது: ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன், ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே ஓடும். அடிக்கடி மனம் கோணும் எஞ்சின் அது. ராஜஸ்தான் மணலில் அதைப் பிரித்துப் பூட்டுவதிலேயே என் இளமை கழிந்தது.

2000-ஆம் ஆண்டு, நாற்பது வயதில், ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தேன். ஆவடியில் பிறந்த எந்திரத்தைப் பழுது பார்த்தவனுக்கு அம்பத்தூரில் வேலை கிடைக்காதா என்னும் நம்பிக்கையோடு ஒரு தொழிற்கூடத்துக்குச் சென்றேன். அங்கிருந்த அதிகாரி என் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அதில் எழுதியிருந்த தொழிற்பெயரும் வகுப்பும் அவருக்கு விளங்கவில்லை. ஐ.டி.ஐ. சான்றிதழ் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். “மிலிட்டரிக்காரர், நம்பிக்கையானவர்” என்று மெச்சி, மறுநாள் முதல் வாயிற்காவலுக்கு வரச் சொன்னார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவருக்குத் தெரிந்த தாள் வேறு; என்னிடம் இருந்த தாள் வேறு.

ஆறு ஆண்டு அந்த வாயிலில் நின்றேன். உள்ளே எந்திரம் பழுதாகும் ஓசை எனக்குக் கேட்கும். எந்தப் பேரிங் தேய்ந்தது என்பது ஓசையிலேயே தெரியும். சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “நீங்கள் கேட்டைப் பாருங்கள், ஐயா” என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

காவல் தொழிலை நான் இழிவென்று கூறவில்லை. 1986-இல் தமிழ்நாடு அரசு முன்னாள் படைவீரர் கழகத்தை, நாம் டெக்ஸ்கோ என்று சொல்லுகிறோமே, அதை ஏற்படுத்தியது. அதன் வழியாகக் காவல் வேலை பெற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் ஏராளம். ஆனால், தந்தித் தொடர்புப் பிரிவில் இருந்தவர், மருத்துவ உதவியாளராய் இருந்தவர், பாலம் கட்டியவர், கணக்கு எழுதியவர், முந்நூறு பேருக்குச் சமைத்தவர் ஆகிய அனைவரையும் ஒரே விசிலைக் கொடுத்து ஒரே வாயிலில் நிறுத்துவது நாட்டுக்கு நட்டமல்லவா? பயிற்சிக்குச் செலவழித்ததும் நம் வரிப்பணந்தானே?

இனி, வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். இதைப் பொதுக் கூட்டத்தில் பேசச் சிலர் கூசுவார்கள். இருபது ஆண்டு, வருஷத்துக்கு இரண்டு மாதம் விருந்தாளி போல் வந்து போனவர், ஒரு நாள் பெட்டியோடு வந்து நிரந்தரமாகத் தங்கிவிடுகிறார். அதுவரை குடும்பத்தை நடத்தியவர் மனைவி. பால்காரர் கணக்கு, பள்ளிக் கட்டணம், மாமியார் மருத்துவம், பங்காளி வழக்கு யாவும் அவர் கையில். வந்தவர் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பிள்ளைகளை அணிவகுக்கச் செய்கிறார். ஊதல் ஒலித்தால் சாப்பாடு, ஊதல் ஒலித்தால் உறக்கம் என்று வாழ்ந்தவருக்கு, குழாயடியில் வரிசை குலைந்தாலும், பேருந்து பத்து நிமிஷம் தாமதித்தாலும் பொறுக்கவில்லை. கோபம் வந்தால் இந்தியில் திட்டுகிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், கோபம் இன்னும் ஏறுகிறது. நான் வந்த முதல் ஆண்டில் என் மனைவி என்னிடம் ஒன்று சொன்னார்: “நீங்கள் இல்லாதபோது பயந்தோம், இப்போது வேறு விதமாகப் பயப்படுகிறோம்.” அதன் பிறகே நான் சற்று அடங்கினேன். செய்வதற்கு வேலையில்லாத மாலைப்பொழுதில் கேன்டீன் ரம் துணைக்கு வந்து, துணையே எஜமானனாகிவிட்ட வீடுகளையும் நான் அறிவேன். அந்த வீடுகளின் தாய்மார்கள் சிலர் இக்கூட்டத்திலும் இருக்கிறார்கள்.

பண விஷயம் இன்னொன்று. பணிக்கொடையும் கமுட்டேஷன் தொகையும் மொத்தமாகக் கைக்கு வருகின்றன. உணவும் உடையும் இருப்பிடமும் சர்க்கார் செலவிலேயே பெற்றுவந்தவருக்கு வெளிச் சந்தையின் நெளிவுசுளிவு தெரியாது. அங்கீகாரமில்லாத மனை, ஏரிப் புறம்போக்கில் பிரித்த மனை, இரட்டிப்பு வட்டிச் சீட்டு என்று அந்தப் பணத்தைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். பத்திரம் பதிந்து, வேலி போட்டு, பூசையும் செய்தபின் மழைக்காலத்தில் தம் மனை ஏரிக்குள் இருப்பதைக் கண்டவர்களை இப்பக்கத்தில் நானே பார்த்திருக்கிறேன்.

நான் வாயிற்காவலை விட்ட விதத்தைச் சொல்லுகிறேன். பக்கத்து நிலத்து விவசாயி ஒருவரின் டீசல் பம்ப்செட் நின்றுபோயிற்று. நெற்பயிர் வாடிக்கொண்டிருந்தது, மெக்கானிக் வருவதாய்ச் சொல்லி மூன்று நாளாயிற்று. இரவுக் காவல் முடிந்து வந்த என்னை அவர் வரப்பில் நிறுத்தி, “மிலிட்டரி அண்ணே, பட்டாளத்தில் நீங்கள் என்னதான் செய்தீர்கள்?” என்று கேட்டார். ஆறு ஆண்டில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவர். டாங்கி எஞ்சின் பார்த்தேன் என்றேன். “அப்படியானால் இதைப் பார்க்கமாட்டீர்களா?” என்றார். அன்று பகல் நான் உறங்கவில்லை. மாலையில் தண்ணீர் பாய்ந்தது. அதன்பின் பவர் டில்லர், டிராக்டர் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இன்று சாலையோரத்தில் ஒரு சிறு பட்டறை நடத்துகிறேன். நான்கு பையன்கள் தொழில் கற்கிறார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது இதே உண்மையை ஊர் முழுவதும் கண்டது. தெருவில் நீர் புகுந்த இரவில் எவரும் எவரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை. படையில் சமையல்காரராயிருந்த தோழர் ஒருவர் பள்ளிக்கூடத்து மேட்டில் இரண்டு அடுப்பு மூட்டி இருநூறு பேருக்குக் கஞ்சி வைத்தார். மருத்துவ உதவியாளராயிருந்தவர் முதியோரைக் கவனித்தார். கயிறு கட்டி ஆட்களைக் கடத்தியவர் பொறியாளர் படையில் இருந்தவர். நீர் வடிந்தது, மறு வாரம் மூவரும் தத்தம் வாயிற்காவலுக்குத் திரும்பினார்கள்.

இவ்விஷயத்தில் உலகம் என்ன செய்தது என்பதையும் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய தன் வீரர்களுக்காக அமெரிக்கா 1944-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 78 லட்சம் பேர் சர்க்கார் செலவில் படிப்போ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். அவர்களுள் ஏறத்தாழ 22 லட்சம் பேர் கல்லூரிக்குச் சென்றார்கள். கறுப்பின வீரர்களுக்கு அந்நன்மை சரிவரக் கிட்டவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. அதே போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் 25 லட்சம் பேர். போர் முடிந்ததும் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சில ஆண்டுப் பணியே ஆனதால் அவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. அன்றைய சென்னை அரசாங்கம் வயநாட்டில் சிலருக்கு நிலம் கொடுத்துக் குடியேற்ற முயன்றது. காட்டையும் காய்ச்சலையும் பொறுத்து நின்றவர்கள் தேறினார்கள். ஏனையோர் தம் ஊருக்கே வந்து கூலி வேலையில் கலந்துபோனார்கள்.

பழங்கதை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி இளைஞர்கள் நான்கு ஆண்டுக்குப் படையில் சேருகிறார்கள். நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையே படையில் நிலைப்பார்கள் என்பது திட்டத்தின் விதி. மற்றவர்கள் சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாயோடு ஊர் திரும்புவார்கள், ஓய்வூதியம் இல்லை. தரைப்படையில் முதல் அணியின் பயிற்சி தொடங்கியது 2023-இன் தொடக்கத்தில். எனக்கு நாற்பது வயதில் நேர்ந்தது அவர்களுக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கில் நேரும். என்னைத் தாங்கிய மாதாந்தரப் பென்ஷன் அவர்களைத் தாங்காது. அவர்கள் கைப்பணத்தை எண்ணி இப்போதே மனைக்குக் கல் நடுபவர்கள் இருப்பார்கள். அத்திட்டம் சரியா தவறா என்று வாதிட இது இடமன்று. வரும் பிள்ளைகள் நம் பிள்ளைகள்; அவர்களுக்கு நாம் என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

பஞ்சாயத்து செய்யக்கூடியது, பெரிய செலவில்லாத ஒன்று உண்டு. ஊரில் உள்ள முன்னாள் வீரர் யார் யார் என்று ஒரு பதிவேடு வைக்கவேண்டும். அதில் ‘பதவி’ என்று ஒரு கலம் போட்டு ஹவில்தார், நாயக் என்று எழுதி மூடிவிடலாகாது. அங்கே என்ன வேலை செய்தார் என்பதை, அந்த விவசாயி கேட்டதுபோல், கேட்டு எழுதவேண்டும். குடிநீர் மோட்டார், தெருவிளக்கு, ஆரம்பச் சுகாதார நிலையம், இளைஞர் உடற்பயிற்சி என்று ஆள் தேடும்போது முதலில் அந்த ஏட்டைப் பார்க்கவேண்டும். அம்பத்தூர்த் தொழிற்கூடங்களுக்கும் அதன் பிரதியை அனுப்பலாம்.

தோழர்களும் தம் பங்குக்குச் சிலவற்றை அறிந்திருக்கவேண்டும். மத்திய அரசின் மூன்றாம் பிரிவுப் பணிகளில் நூற்றுக்குப் பத்து இடமும், முன்பு நான்காம் பிரிவாயிருந்த பணிகளில் நூற்றுக்கு இருபது இடமும் நமக்கென ஒதுக்கப்பட்டவை. தகுதியோடு விண்ணப்பிப்போர் இன்மையால் அவை நிரம்பாமல் போவதுண்டு. பத்தாம் வகுப்பு தேறிப் பதினைந்து ஆண்டு பணியாற்றியவர், பட்டம் கோரும் மூன்றாம் பிரிவுப் பணிகள் பலவற்றுக்குத் தகுதியுடையவராகக் கருதப்படுவார். இவ்விதி தெரியாமலே நான் விசில் ஊதிக்கொண்டிருந்தேன். ஓய்வுக்கு முன்னரே மறுவாழ்வு இயக்ககம் நடத்தும் பயிற்சிகளில் சேர்ந்து ஒரு சான்றிதழோடு வெளியே வருவது எவ்வளவோ மேல்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒன்று. உங்கள் பெயர் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு விதமாகவும், ஆதார் அட்டையில் வேறு விதமாகவும் இருக்கும். நம் தலைப்பெழுத்தைப் படையில் விரித்து எழுதும் வழக்கத்தால் வரும் தொல்லை இது. கணவர் இருக்கும்போதே அதைத் திருத்திவிடுங்கள். அவர் காலத்துக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காக ஓர் எழுத்தின் பொருட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களை நான் அறிவேன். ஸ்பர்ஷ் முறையில் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று அளிக்கத் தெரியாத முதியவர்களும் பலர் இருக்கிறார்கள்.

எழுத்தராய் இருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் அதோ அந்த மூலையில் மேசை போட்டு அமர்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் டிஸ்சார்ஜ் புத்தகம், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் கொண்டுவந்து அவரிடம் காட்டுங்கள். இன்று முடியாதவர்களுக்காக ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு என் பட்டறையிலும் அவர் இருப்பார்.