பிறப்புப் பத்திரம் இல்லாத பாட்டனைத் தேடி...



ஒருவர் பிறந்தார் என்பதற்கு என்ன சான்று? பிறப்புப் பத்திரம் என்று உடனே சொல்லிவிடுவோம். அது இல்லாவிட்டால் அவர் பிறக்காதவர் ஆகிவிடுவாரா? இந்தக் கேள்விக்கு அயர்லாந்து நாட்டின் கதை நல்ல பதில் சொல்கிறது.

1845இல் அங்கே உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் கப்பலேறிப் போனார்கள். அவர்களுடைய வாரிசுகள் இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்துகொண்டு, தங்கள் பாட்டன் பூட்டன் எந்த ஊரில் பிறந்தார் என்று தேடுகிறார்கள். தேடப் போனால் முதல் அடியிலேயே சுவர்!

என்ன சுவர்? அயர்லாந்தில் அரசாங்கம் பிறப்புகளைப் பதியத் தொடங்கியதே 1864ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பிறந்தவருக்குப் பத்திரம் தொலைந்து போகவில்லை, எழுதப்படவே இல்லை. சரி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்கலாமா? 1861, 1871 ஏடுகளை அரசாங்கமே அழித்தது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாகின. 1821 முதல் 1851 வரையிலான ஏடுகளோ, 1922 ஜூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரில், டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு பெரும்பாலும் எரிந்து சாம்பலாயின. முழுமையாக மிஞ்சியவற்றில் பழையது 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புதான்.

இங்கேதான், நேயர்களே, ஓர் அதிசயம் நடந்தது. 1909 ஜனவரியில் 70 வயது நிரம்பிய ஏழைகளுக்கு முதியோர் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கினார்கள். வாரத்துக்கு அதிகபட்சம் 5 ஷில்லிங். ஆனால் வயதுக்குச் சான்று வேண்டுமே! 70 வயதுக் கிழவி பத்திரத்துக்கு எங்கே போவாள்? 1839 ஜனவரி 6ஆம் தேதி இரவு அயர்லாந்தை உலுக்கிய பெரும் புயற்காற்று தனக்கு நினைவிருக்கிறது என்று அதிகாரியிடம் சொன்னவர்கள் பலர். நம் பாட்டிகளும் வெள்ளம் வந்த வருஷம், ஜப்பான்காரன் வந்த வருஷம் என்றுதானே வயதைச் சொன்னார்கள்?

இன்னொரு வழியும் இருந்தது. 1841, 1851 ஏடுகள் அப்போது எரியவில்லை. விண்ணப்பித்தவர் தம் பெற்றோர் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்தால், எழுத்தர் ஏட்டைப் புரட்டி, அந்த வீட்டில் அந்தப் பிள்ளை இருந்ததா என்று பார்த்துக் குறித்து வைப்பார். பின்னர் ஏடு எரிந்தது. அந்தக் குறிப்புத்தாள்களில் ஏராளமானவை பிழைத்துக்கொண்டன! 5 ஷில்லிங்குக்காக ஒரு கிழவி போட்ட மனு, இன்று அவள் பேரனுக்குப் பேரன் கையில் குடும்ப வரலாறாக நிற்கிறது. அரசாங்கம் காக்கத் தவறியதை அவள் தேவை காப்பாற்றியது.

ஆகவே, தேடுகிறவர்கள் பிறப்புப் பத்திரத்தையே கட்டிக்கொண்டு அழக்கூடாது. முதலில் பாட்டன் குடியேறிய நாட்டில் தேட வேண்டும். இறப்புப் பத்திரமும் கல்லறைக் கல்லும் சொந்த ஊரைச் சொல்லக்கூடும். ஊர் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 1864க்குப் பிந்திய திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் இருக்கும். கத்தோலிக்கத் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளை 2015 முதல் அயர்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. அதில் ஞானப் பெற்றோர் பெயரையும் பாருங்கள்; பெரும்பாலும் உறவுக்காரர்களாகவே இருப்பார்கள். 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீட்டில் வீடும் நிலமும் யார் கையில் இருந்தன என்பது ஊர் வாரியாக இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஏட்டில் உள்ள வயதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 1901இல் 55 என்று சொன்னவர் 1911இல் 70 என்று சொல்லியிருப்பார். பத்து ஆண்டில் பதினைந்து வயது! உதவித்தொகை செய்த மாயம். ஒன்றுக்கு மூன்று ஆவணங்களை ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிறைவாக ஒன்று. ஏடுகள் எரியும், அரசாங்கங்கள் மாறும். ஆனால் ஒரு மனிதன் தன் பெற்றோர் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி வைத்தால், அது எந்த மூலையிலாவது பிழைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இன்றே கேளுங்கள். கேட்டதை எழுதி, தேதி போட்டு வையுங்கள். நாளைக்கு ஒரு பேரப்பிள்ளை தேடி வரும்போது, அந்த ஒரு தாளாவது அதன் கையில் கிடைக்கட்டும்.