அமெரிக்க விவசாய இலாகாவும் அதன் கிளைகளும்



இன்று என்னைப் பேசச் சொன்ன விஷயம் அமெரிக்க சர்க்காரின் விவசாய இலாகாவைப் பற்றியது. "நம்மூர் மடைச் சண்டையே தீர்ந்தபாடில்லை, அமெரிக்கா எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் தோழர்களே, "சர்க்கார் செய்தது, சர்க்கார் செய்யவில்லை" என்று நாம் சொல்லும்போது, சர்க்காருக்குள்ளே எந்தக் கை செய்தது என்று கேட்கிறோமா? ஒரு கை கடன் கொடுக்கும், ஒரு கை பரிசோதனை செய்யும், ஒரு கை கணக்கு எழுதும். அந்தக் கைகள் யாருக்குக் கட்டுப்பட்டவை என்று பார்க்கத் தெரிந்தால்தான் சர்க்காரைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனம் உண்டு. அமெரிக்க இலாகாவுக்குள் ஏறக்குறைய முப்பது கிளைகளும் காரியாலயங்களும் உண்டு. எல்லாவற்றையும் சொல்லி உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை.

இந்த இலாகா 1862ஆம் வருஷம் மே மாதம் 15ந் தேதி, ஆபிரகாம் லிங்கன் கையெழுத்தில் பிறந்தது. அடிமைத்தனத்தின் பேரால் அந்த நாடு இரண்டாகப் பிளந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. லிங்கன் இதை ஜனங்களின் இலாகா என்று அழைத்தார். முதல் தலைமை அதிகாரியின் பெயர் ஐசக் நியூட்டன். அவர் விஞ்ஞானி நியூட்டன் அல்ல, விவசாயி. விதை வாங்கிக் கொடுப்பதும் விவரம் சேகரிப்பதுமே அப்போது முக்கிய வேலை. 1889இல்தான் மந்திரி அந்தஸ்து வந்தது.

1884இல் கால்நடைக்கென்று ஒரு கிளை வைத்தார்கள். அக்காலத்தில் தென்பகுதி மாடுகள் வடக்கே போனால், போன மாடுகள் சுகமாக இருக்கும், அங்கே உள்ள மாடுகள் காய்ச்சல் கண்டு சாகும். இதே சங்கதி நம்மூரில் நடந்திருந்தால் என்ன செய்திருப்போம்? எந்தத் தெய்வத்துக்குக் கோபம் என்று குறி கேட்டு, ஒரு கிடாயையும் வெட்டி, பூசாரிக்குத் தட்சணையும் கொடுத்திருப்போம். மாடு செத்தபிறகு "நேர்ச்சையில் குறை" என்றும் சொல்லியிருப்போம். அங்கே தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் என்ற இருவர் என்ன செய்தார்கள் தெரியுமா? தென்னாட்டு மாடுகளின் மேலிருந்த உண்ணிகளைக் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு, வடநாட்டு மாடுகளோடு விட்டார்கள், நோய் வரவில்லை. பிறகு மாட்டை விட்டுவிட்டு உண்ணியை மட்டும் வயலில் தூவினார்கள்; நோய் வந்தது. 1893இல் இதை அச்சிட்டார்கள். உண்ணிதான் நோயைச் சுமக்கிறது என்று ருஜுவாயிற்று. 1906இல் மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி எடுக்க ஆரம்பித்து, 1943க்குள் மெக்ஸிகோ எல்லையோரம் தவிர நாடு முழுவதும் அந்த உண்ணியை ஒழித்தார்கள்.

நிற்க, அதே 1906இல் அப்டன் சின்க்ளேர் என்ற எழுத்தாளர் சிகாகோ இறைச்சிக் கிடங்குகளின் அசிங்கத்தை ஒரு நாவலில் எழுதினார். தொழிலாளி படும் கஷ்டத்தைக் காட்டவே எழுதினார். ஜனங்களோ தங்கள் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்! எப்படியோ சட்டம் வந்தது. சர்க்கார் பரிசோதகர் நின்று ஒவ்வொரு உடலையும் பார்த்து முத்திரை போட்டாலொழிய இறைச்சி மாகாணம் விட்டு மாகாணம் போகக்கூடாது என்றாயிற்று.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். விவசாயியின் சரக்கு நன்றாக விற்க வேண்டும் என்று பாடுபடுகிறதும் இதே இலாகாதான். அந்தச் சரக்கு கெட்டது என்று சொல்ல வேண்டியதும் இதே இலாகாதான். மாப்பிள்ளை வீட்டுத் தரகனே பெண் வீட்டுக்கு விசாரித்துச் சொல்லுவது போலத்தானே இது? மற்ற உணவுகளையும் மருந்துகளையும் பார்க்கும் கிளையை 1940இல் இந்த இலாகாவை விட்டே வெளியே எடுத்தார்கள். இறைச்சி மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. அதற்கும் விற்பனைக்காரர்களோடு சேராத தனி மேலதிகாரியை வைக்க 1994 வரை ஆயிற்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்நாட்டார் தின்னும் பீட்சா என்ற ரொட்டியின் மேல் பாற்கட்டி மட்டும் இருந்தால் ஓர் இலாகா பார்க்கும். இறைச்சித் துண்டு தூவினால் வேறு இலாகா பார்க்கும்.

கணக்கெழுதும் கிளையிலும் ஓர் ஊழல் நடந்தது. இவ்வருஷம் பருத்தி எவ்வளவு விளையும் என்று சர்க்கார் சொல்லுவதை வைத்துத்தான் விலை ஏறும், இறங்கும். 1905இல் அந்தக் காரியாலயத்து உத்தியோகஸ்தர் ஒருவர், ஜன்னல் திரையை ஏற்றி இறக்கி, வெளியே நின்ற சூதாட்ட வியாபாரிக்கு முன்கூட்டியே ஜாடை காட்டினார். அது வெளிப்பட்ட பிறகு, முக்கிய அறிக்கை தயாராகும்போது அறையைப் பூட்டி, வெளியுலகத் தொடர்பை அறுத்து, குறித்த நிமிஷத்தில்தான் எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். உத்தியோகஸ்தனை உத்தமன் என்று நம்பி விடாமல் கதவைப் பூட்டினார்களே, அதுதான் புத்தி.

காட்டிலாகா 1905இல் இதனோடு சேர்ந்தது. 1930களில் உழுத மண் புழுதியாய்ப் பறந்தபோது பிரார்த்தனைக் கூட்டம் போட்டவர்களும் உண்டு, வானத்தில் வெடி வைத்து மழை வருவிக்கிறேன் என்றவனுக்குக் காசு கொடுத்தவர்களும் உண்டு. சமவரப்புப் போட்டு உழு, புல் வளர் என்று சொன்ன பென்னட் என்பவரின் கீழ் 1935இல் மண் பாதுகாப்புக் கிளை ஏற்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் சட்டம் 1946இல் வந்தது. இன்று இந்த இலாகாவின் பணத்தில் பாதிக்கு மேல் ஏழைகளின் உணவுக்கே போகிறது என்றால் பலருக்கு ஆச்சரியமாயிருக்கும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கடன் கொடுக்கும் கையைப் பற்றி. விதைப்புக்குப் பணம் வேண்டி ஏழைக் குடியானவன் இந்த இலாகாவின் ஜில்லா காரியாலயத்துக்குத்தான் போக வேண்டும். வாஷிங்டனில் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஜில்லாவில் அதை நடத்த, உள்ளூர் விவசாயிகள் தேர்ந்தெடுத்த ஒரு கமிட்டி இருந்தது. கேட்க எவ்வளவு அழகு! உள்ளூர்க்காரனே உள்ளூர்க்காரனுக்கு நியாயம் சொல்லுவது! ஆனால் அந்த உள்ளூர்க்காரன் யார்? நாடு முழுவதும் இருந்த 8,147 கமிட்டி அங்கத்தினர்களில் கறுப்பர் 37 பேர் என்று 1999இல் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே எழுதப்பட்டது. நம்மூர்ப் பஞ்சாயத்துத் திண்ணையில் யார் உட்காருவது, யார் தெருவில் நிற்பது என்று அறிந்த உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

கறுப்பர் மனுவைக் கிழித்து எறிய வேண்டியதுகூட இல்லை, தோழர்களே! தாமதம் செய்தால் போதும். விதைப்புக்குக் கேட்ட கடன் விதைப்பு முடிந்து வந்தால், அது கடனா, தூக்குக் கயிறா? பயிர் தப்பும், தவணை தவறும், நிலம் ஏலத்துக்கு வரும். அதைப்பற்றிப் புகார் எழுதினால் விசாரிக்க வேண்டிய கிளையை 1983இல் கலைத்துவிட்டார்கள். ஆனால் மனு வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை! 1920இல் அந்நாட்டில் கறுப்பு விவசாயிகள் 9 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். 1997 கணக்கில் 20,000க்கும் குறைவு. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. பருத்தி இயந்திரமும் வடக்கே குடிபோனதும் உண்டு. ஆயினும் கடன் கமிட்டியின் பங்கை யாரும் மறைக்க முடியாது.

1997இல் வட கரோலினாவைச் சேர்ந்த பிக்ஃபோர்ட் என்ற விவசாயி முதலானோர் இலாகாவின்மேல் வழக்குப் போட்டார்கள். 1999இல் சமரசம் ஏற்பட்டு, 15,000 பேருக்கு மேல் சுமார் 100 கோடி டாலர் நஷ்டஈடு கிடைத்தது. பெரும்பாலோருக்கு ஆளுக்கு 50,000 டாலர். தவணை தவறி மனுப்போட்டவர்களுக்காக 2010இல் இன்னும் 125 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2021இல் கடனையே தள்ளுவதென்று சட்டம் செய்தபோது, அது வெள்ளையருக்கு விரோதமான பாரபட்சம் என்று கோர்ட்டுக்குப் போய் நிறுத்திவிட்டார்கள்! அதன் பிறகு, இலாகாவின் கடனில் எந்த விதமான பாரபட்சத்துக்கு ஆளானவரும் கேட்கலாம் என்று விதியை மாற்றி, 2024இல் சுமார் 43,000 பேருக்கு 200 கோடி டாலர் கொடுத்தார்கள். பணம் வந்தபோது, ஏலத்தில் போன நிலங்கள் எப்போதோ வேறு கைக்கு மாறிவிட்டன.