சக்கரம் ஏறும் மலைக்காடு



நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் இந்நாளில் ஒரு வழக்கு நடைபெற்று வருகிறது. தடித்த டயர்களும் பல கியர்களும் பொருந்திய சைக்கிள் ஒன்றை மகன் வாங்கியிருக்கிறான். விடுமுறையில் நண்பர்களோடு டார்ஜிலிங் மலைக்குச் சென்று, அந்தச் சைக்கிளிலேயே சந்தக்பூ உச்சியை அடைய வேண்டும் என்கிறான். தந்தையார் கூடாது என்கிறார். தாயாரோ, "பிழைக்க வந்த இடத்தில் கை கால் ஒடிந்தால் யாரிடம் போய் நிற்பது?" என்று கண் கலங்குகிறார். இவ்வழக்கை இன்று நாம் சற்றே நிதானமாக விசாரிப்போம்.

முதலில் மகனுடைய கட்சியைக் கேட்போம். கங்கை கொணர்ந்த வண்டலின்மீது அமைந்த கொல்கத்தா நகரம் கடல்மட்டத்திற்கு மேல் பத்து மீட்டர் உயரமும் இல்லாதது. லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை கிடைக்கும், வாழையிலை கிடைக்கும்; ஒரு சிறு குன்றைக் காண வேண்டுமாயின் இரயிலேறிச் செல்ல வேண்டும். சமவெளியிலேனும் சைக்கிளுக்கு இடமுண்டா? 2013ஆம் ஆண்டில் இந்நகரின் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அத்தொகை குறைக்கப்பட்டதெனினும், பெருஞ்சாலைகளில் சைக்கிள்காரன் இன்னமும் அழையா விருந்தாளியே. நகரத்தில் நெருக்குண்ட இளைஞன் மலையை நாடுவதில் வியப்பில்லை.

இந்நகருக்கு இவ்வகைத் துணிவு புதிதுமன்று. 1926ஆம் ஆண்டு டிசம்பரில் பிமல் முகர்ஜி என்னும் வங்க இளைஞர், தோழர் மூவருடன் இதே நகரிலிருந்து சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். அவர் தாயகம் திரும்பியது 1937இல். கியர் இல்லாத வண்டியும், கையில் சொற்பப் பணமுமே அவருக்குத் துணை. அவர் பெற்றோரும் நம் போன்றே கலங்கியிருப்பர் அன்றோ?

மலைச் சைக்கிள் என்பது பிறந்த வரலாறும் இளைஞர்களுடையதே. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் தமல்பயஸ் என்றொரு மலை உண்டு. அப்பெயரில் நம் மொழியின் ஓசை கேட்பது தற்செயலே. அது அந்நிலத்துப் பழங்குடியினர் வழங்கிய பெயர். அம்மலையை ஒட்டிய காட்டுப் பாதையொன்றில் 1976ஆம் ஆண்டு அக்டோபரில் சில இளைஞர்கள், பழைய இரும்புக்கடைச் சரக்காகிவிட்ட தடித்த டயர் சைக்கிள்களில் ஏறி, மேலிருந்து கீழே யார் விரைவில் வருவதென்று பந்தயம் வைத்தனர். மூன்று கிலோமீட்டர் சொச்சத் தூரத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். பின்சக்கரத்துக் குடத்தினுள்ளே இருந்த பிரேக், சூடேறிச் சூடேறி, அதில் அடைத்திருந்த மசகு முழுவதும் புகையாய்ப் போய்விடும். ஒவ்வொரு முறையும் மீண்டும் மசகு அடைத்தாக வேண்டும். 'மீண்டும் அடை' என்று பொருள்படும் ரீபேக் என்ற சொல்லே அப்பந்தயத்திற்குப் பெயராயிற்று. மறு ஆண்டில் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கெனவே தனிச் சட்டம் அமைத்துச் சைக்கிள் செய்தார். இருபதாண்டு கழிந்து, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் இடம்பெற்றது. நம் நாட்டிலும் 2005இல் இமாசலப் பிரதேசத்தில் பல நாள் நீடிக்கும் மலைச் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. ஆகவே, மகன் கேட்பது விபரீதமான விளையாட்டன்று. உலகம் ஒப்பிய விளையாட்டே.

இனித் தந்தையாரின் கட்சி. அவர் அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. சியால்டாவில் இரவு டார்ஜிலிங் மெயில் ஏறினால், காலையில் நியூ ஜல்பாய்குரி. அங்கிருந்து கூம் வழியாகச் சுக்கியா போக்ரி கடந்து மானேபஞ்சாங் என்னும் சிற்றூரை அடையலாம். அதுவரை மோட்டார்; அங்கிருந்துதான் சோதனை. சந்தக்பூவின் உயரம் 3636 மீட்டர். மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம் அதுவே. மானேபஞ்சாங்கிலிருந்து வழி ஏறக்குறைய 31 கிலோமீட்டர். பழைய லாண்ட் ரோவர் வண்டிகள் நெடுங்காலமாக உறுமிக்கொண்டு ஏறிய கல் வழி அது. அதன் பெரும்பகுதிக்கு இப்போது கான்கிரீட் போடப்பட்டிருக்கிறது.

கணக்குப் போட்டால், கிலோமீட்டருக்கு ஐம்பது மீட்டர் ஏற்றம் என்று வரும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் மலை நம் கணக்குப்படி ஏறுவதில்லை. முதல் சில கிலோமீட்டரிலேயே கொண்டை ஊசி வளைவுகள் மூச்சை வாங்கிவிடும். தும்லிங் வரை அரும்பாடுபட்டு ஏறிய உயரத்தின் ஒரு பகுதியைக் கைரிபாஸ் இறக்கத்தில் இழந்து, மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். கறுத்த நீருடைய காலாபோக்ரிக் குளத்தைக் கடந்தபின், கடைசி ஏற்றத்தில் வண்டி நம்மைச் சுமப்பது நின்று, நாம் வண்டியைச் சுமக்கத் தொடங்குவோம். அவ்வுயரத்தில் ஒருமுறை மூச்சிழுத்தால் கிடைக்கும் பிராணவாயு, கொல்கத்தாவில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 2500 மீட்டருக்கு மேல் விரைந்து ஏறுவோர்க்குத் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் முதலியன தோன்றலாம். தோன்றினால் மேலே ஏறாது நின்றுவிட வேண்டும்; முற்றினால் தாமதியாது கீழே இறங்குவதே மருந்து. இளமைக்கு இதில் சலுகை இல்லை.

ஏற்றத்தைவிட இறக்கமே கொடிது. ஆளும் வண்டியுமாக 80 கிலோ எடை, ஆயிரம் மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அவ்விறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், இரண்டு லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. காற்றும் தரையும் கொள்ளும் பங்கு போக, எஞ்சியதை எல்லாம் இரண்டு சிறிய பிரேக்குகள் வெப்பமாக ஏற்றாக வேண்டும். பிரேக்கை ஓயாது அழுத்தி வருபவனுக்கு, மிகவும் வேண்டிய வளைவில் அது கைவிட்டுவிடக்கூடும். விட்டு விட்டு அழுத்துவதும், நடுநடுவே நின்று ஆறவிடுவதும் வீரக்குறைவல்ல.

இருதரப்பையும் கேட்டுவிட்டோம். ஆனால் இவ்வழக்கில் மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு. அதை ஒருவரும் அழைக்கவில்லை. அதுதான் காடு.

நாம் ஒருமுறை அலுவலக நண்பர்களுடன் தும்லிங் வரை நடந்து சென்றோம். மூடுபனியில் வழியருகே ஓரிடத்தில் நின்ற நம் நேபாளி வழிகாட்டி, சரிவில் நேர்கீழாக ஓடிய ஒரு பள்ளத்தைக் காட்டினார். முழங்கால் ஆழம் இருக்கும். ஓடையோ என்று கேட்டோம். "இல்லை பாபு, இது குறுக்குவழி. முதலில் மனிதர்கள் இறங்கினார்கள், பிறகு சைக்கிள்கள் இறங்கின, இப்போது மழை இறங்குகிறது" என்றார். அந்தச் சொல் நம்மை விட்டு அகலவில்லை.

அவர் கூறியதன் உண்மையைச் சற்று விளக்குவோம். மலைச்சரிவில் நீர் நேர்கீழாகவே ஓட விரும்பும். பாதையும் நேர்கீழாக இருக்குமாயின், நீருக்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்தவர் ஆவோம். உருளாமல் இறுகிய சக்கரம் வழுக்கும்போது மண்ணில் ஒரு கோடு கீறும்; அக்கோட்டில் நீர் புகும்; மறு மழையில் கோடு பள்ளமாகும்; பள்ளத்தை ஒதுக்கி அடுத்தவர் அருகே புல்லில் ஓட்டுவார்; பாதை அகன்றுகொண்டே போகும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளர்ந்த நேயர்கள் தேய்ந்த ஒற்றையடிப் பாதைகளில் இதைக் கண்டிருப்பீர்கள்.

பாதை அமைக்கும் கலையறிந்தோர் இதற்குச் சில எளிய விதிகள் வகுத்துள்ளனர். பாதை சரிவுக்குக் குறுக்காகச் செல்ல வேண்டும். மலை எவ்வளவு சரிகிறதோ, அதில் பாதிக்கு மேல் பாதை சரிதல் ஆகாது. சராசரியாக நூறு மீட்டருக்குப் பத்து மீட்டருக்குமேல் ஏறலாகாது. பாதையின் வெளிவிளிம்பு சற்றே தாழ்ந்திருந்தால் நீர் குறுக்கே வழிந்து போய்விடும். இடையிடையே சிறிது இறங்கி ஏறினால், தேங்கிய நீர் அங்கே வெளியேறும். இவ்வாறு அமைத்த பாதையில், அடக்கமாக ஓட்டப்படும் சைக்கிள் நடப்பவரின் காலடியைவிடப் பெரிதும் மிகுந்த தீங்கு செய்வதில்லை. கேடு சக்கரத்தில் இல்லை; குறுக்குவழியிலும் அவசரத்திலும் ஈரமண்ணிலும் இருக்கிறது.

சந்தக்பூ வழி செல்லும் சிங்காலீலா, 1992இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு. அதன் பரப்பு எண்பது சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. வசந்தத்தில் ரோடோடெண்ட்ரான் மரங்கள் செந்நிறமாய்ப் பூத்திருக்க, அடியில் மலைமூங்கில் அடர்ந்து நிற்கும். அம்மூங்கில் இலையை உண்டே செம்பாண்டா என்னும் கூச்சமிக்க பிராணி உயிர் வாழ்கிறது. நமக்குக் குறுக்குவழியாகத் தோன்றுவது அதற்குச் சோற்றுத்தட்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இத்தகைய காட்டினுள் அனுமதியின்றி நுழைதல் குற்றமாகும். மழைக்காலத்தில், ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, பூங்கா மூடப்படுவதும் காரணத்தோடுதான். 1968ஆம் ஆண்டு அக்டோபரில் பெருமழையால் டார்ஜிலிங் மலைகள் சரிந்து பலர் மாண்டதை முதியோர் இன்னும் சொல்வர். மண் பிடிப்பை இழந்தால் அங்கே ஊரே இழக்கப்படும்.

ஆகவே, நம் தீர்ப்பு இதுதான். மகன் போகட்டும், ஆனால் முதன்முறை நடந்து போகட்டும். கால் அறிந்த வழியில்தான் சக்கரத்தை நம்பலாம். அடுத்த முறை அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் தலைக்கவசமும் இன்றிப் புறப்படலாகாது. பஞ்சர் ஒட்டவும் பிரேக்கைச் சரிசெய்யவும் தானே கற்றிருக்க வேண்டும். ஒரே நாளில் உச்சியை எட்டாமல், வழியில் இரவு தங்கி உடலைப் பழக்க வேண்டும். வகுத்த வழியை விட்டு ஓரடியும் விலகலாகாது. எதிரே நடந்து வருபவர் எவராயினும் இறங்கி நின்று வழிவிட வேண்டும். மும்பையிலிருந்து சஹ்யாத்திரிக்கும், டெல்லியிலிருந்து இமாசலத்திற்கும் செல்லும் நம் இளைஞர்க்கும் இவையே பொருந்தும்.

தாயாருக்கும் ஒரு சொல். யாரிடம் போய் நிற்பது என்று கேட்டீர்கள். நாம் குறிப்பிட்ட அவ்வழிகாட்டி, பனியில் நடுங்கிய நம்மைத் தம் வீட்டு அடுப்பங்கரையில் இருத்தி, சூடான தேநீரும் சோளப்பொரியும் தந்தார். நம் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. பிறர் மலைக்குச் செல்லும் மகன், அம்மலையையும் அதன் மக்களையும் மதித்து நடப்பானாயின், அவனைத் தாங்கும் கைகள் அங்கேயும் உண்டு. அந்தப் பள்ளத்தைப்போல் மற்றொன்று அவன் சக்கரத்தால் விழாதிருக்கட்டும். அதுவே நாம் அவனிடம் வாங்க வேண்டிய உறுதிமொழி.