நகைப்பும் நாற்காலியும்



அரசனை நேருக்கு நேர் எள்ளி நகையாடும் உரிமை விதூஷகனுக்கு உண்டு. ஆனால், அந்த விதூஷகனே அரியணைக்கு அருகில் சென்றுவிட்டால்? இக்கேள்வியைத் தம் நாடகத்திலே எழுப்பி, தம் வாழ்விலும் எதிர்கொண்டவர் சோ ராமசாமி.

சென்னையில் 1934இல் பிறந்த சோ, வழக்கறிஞர், நாடகக்காரர். 1963இல் வெளிவந்த ‘பார் மகளே பார்’ படத்தில், சென்னைப் பேச்சு வழக்கிலே பேசிச் சிரிப்பு மூட்டினார். அதன்பின் திரையுலகில் அவருக்கு ஓய்வில்லை.

அவர் பெயரை நிலைநாட்டியது 1968இல் மேடையேறிய ‘முகமது பின் துக்ளக்’. சமாதியிலிருந்து உயிரோடு எழுந்த சுல்தான் தானே என்று கூறும் ஒருவன், தேர்தலில் வென்று பிரதமனாகிறான். இந்தியா, ஆங்கிலமா என்ற பூசலைத் தீர்க்கப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறான். கட்சி மாறி வருவோர்க்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி! உண்மையில் அவன் சுல்தானல்லன். மக்களுக்குப் பாடம் புகட்ட வேடமிட்ட இளைஞன். ஆனால் பதவிச் சுவை கண்டபின் வேடத்தைக் கலைக்க அவனுக்கு மனமில்லை. சிரிப்பு அங்கே திகிலாக மாறுகிறது. 1971இல் இதனைச் சோவே திரைப்படமாக இயக்கி, துக்ளக்காகவும் நடித்தார்.

1970இல் அதே பெயரில் அவர் தொடங்கிய இதழ், 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது கறுப்பு அட்டையோடு வெளிவந்து, பேசாமலே பேசியது. பிற்காலத்தில் அவர் எழுதிய ‘எங்கே பிராமணன்’ தொலைக்காட்சித் தொடராயிற்று; அதில் தாமே தோன்றி ஐயங்களுக்கு விடையளித்தார்.

ஆயினும், நகைத்தவர் நாற்காலிகளுக்கு அப்பால் நிற்கவில்லை. பல்லாண்டு தாம் கேலி செய்த தி.மு.க.வும் தமிழ் மாநில காங்கிரசும் 1996இல் கைகோக்கத் துணைநின்றார். 1999இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். அரசியல் தலைவர்கள் அவரிடம் ஆலோசனை கேட்டனர்.

இது குற்றமா? பதவிக்காக அவர் வாயை மூடிக்கொண்டார் என்று கூறுவதற்கில்லை. எனினும் ஒரு பக்கம் சார்ந்து நிற்பவனின் கேலி, அப்பக்கம் திரும்பும்போது சற்றே மழுங்கிவிடுகிறது. 2016 டிசம்பரில் மறைந்த சோவை மதிப்பிட, அவரே நமக்கு ஓர் அளவுகோலைத் தந்து சென்றுள்ளார். அந்தத் துக்ளக்கின் கதைதான் அது. பிறரைச் சிரித்துத் திருத்த வந்தவன், தன் வேடத்தையும் உரிய நேரத்தில் கலைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.